இஸ்திரி போடாத மூன்று முகங்கள்

நடுத்தெருவில் ஒரு மூட்டை கிடந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி ஒரு தெருவே நின்றுகொண்டிருந்தது. அதில் ஒருவர் கையில் மண்ணெண்ணெய் கேன். மூடியைத் திருகி ஏற்கெனவே சட்டைப் பையில் போட்டிருந்தார்.

மூட்டையின் மேல் நீல மசியில் பெரிய முத்திரை. குஜராத்தி எழுத்து எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் அதன் கீழே ஆங்கிலத்தில் 'சூரத்' என்று இருந்ததை எல்லோரும் படித்துவிட்டார்கள்.

காலை பத்து மணி. புரட்டாசி வெயில். கைக்குட்டை, துண்டு, முந்தானை என்று கிடைத்ததை வைத்து எல்லோரும் மூக்கை மூடியிருந்தார்கள். என் துப்பட்டாவையும் தாண்டி மண்ணெண்ணெய் நாற்றம் ஏறியது.

"அம்மணி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருங்க. கொளுத்திப்போடறோமுங்க" என்றார் கேன்காரர். எங்கள் பக்கம் கொளுத்துவதற்கும் 'ங்க' உண்டு.

"அண்ணா, உள்ள இருக்கறது சரக்கு இல்லீங்க. படமுங்க. இவரு வரைஞ்ச படம்."

"படம் எதுலீங்க வரைஞ்சிருக்குது?"

"துணியிலீங்க."

"அப்புறம் என்னுங்க?"



மூட்டைக்கு அந்தப் பக்கம் செல்வராசு தனியாக நின்றான். மூன்று நாள் ரயில் அழுக்கு சட்டையில் இருந்தது. அவனிடமிருந்தும் எல்லோரும் பத்தடி தள்ளியே நின்றார்கள். மூட்டையை என்ன செய்வது என்று தெருவுக்குத் தெரிந்திருந்தது. அவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

தகரக் கொட்டகை

தகரக் கொட்டகை கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம், நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில், நூல் மூட்டை போட்டு வைத்திருந்த கொட்டகை அது. அதில்தான் எங்கள் ஓவியக் குழு இயங்கியது. 'இயங்கியது' என்பது பெரிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை கூடி, வரைந்து, சண்டை போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

நான் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து, கோவையில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வகுப்பில் மற்ற எல்லோரையும்விட நன்றாக வரைந்ததால் என்னை ஓவியர் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

ஷாஜகான் கோட்டைமேட்டுக்காரன். வீட்டில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடுகிற தொழில். இவன் மட்டும் சினிமா பேனர் வரையப் போய்விட்டான். கதாநாயகியின் ஒற்றைக் கண்ணை ஆறடி உயரத்துக்கு வரைகிறவன், எங்கள் கொட்டகையில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் படம் போடுவான்.

எங்கள் மூவரில் நிஜமான ஓவியன் செல்வராசுதான். தோட்டத்துக் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, வரைவதை மட்டும் பிடித்துக்கொண்டு சூரத் வரைக்கும் போனவன். அங்கே ஒரு பிரிண்டிங் பட்டறையில் சேலைக்கு மாங்காயும் கொடியும் வரைகிற வேலை. தறிக்காரர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தான். பட்டறையில் மிஞ்சுகிற சாயத்தைப் பாட்டிலில் பிடித்து வந்து, அறைக்காரர்கள் ஒவ்வொருவரையும் துணியில் வரைந்தான். மூன்று வருடத்தில் இருபத்தொரு பேர்.

அந்த இருபத்தொன்றுக்காகத்தான் கண்காட்சி. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்திருந்தோம். சென்னையில் ஓவியக்கூடம் நடத்துகிற ஒருவர் திறந்து வைக்க வருவதாக இருந்தார். அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது.

அப்போதுதான், 1994 செப்டம்பரில், டி.வி.யில் செய்தி வந்தது. சூரத்தில் பிளேக்.

ரொம்ப அழகான எலி

இரண்டே நாளில் கோவை வேறு ஊராகிவிட்டது. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்தது. காய்ச்சல் வராதவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். சூரத் சேலை வைத்திருந்த ஜவுளிக்கடைக்காரர்கள் அதை 'பம்பாய் சேலை' என்று சொல்ல ஆரம்பித்து, பம்பாய்க்கும் பயம் வந்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார்கள். விடுதியில் யாராவது தும்மினால் பக்கத்துக் கட்டில் காலியாகும்.

சினிமாவுக்குக் கூட்டம் குறைந்தது, பேனர் வேலை நின்றது. ஆனால் ஷாஜகான் சும்மா இருக்கவில்லை. 'செத்த எலியைத் தொடாதீர்' என்று சுவர்களில் எழுத ஆள் தேடினார்கள். எழுத்தோடு ஓர் எலியும் வரைய வேண்டும்.

முதல் எலியை அவன் அரை நாள் வரைந்தான். ஒற்றை முடித் தூரிகையில் மீசை, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி, காதுக்குள் இளஞ்சிவப்பு. வேலை கொடுத்த மேஸ்திரி வந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"ஏம்ப்பா, இதைப் பார்த்தா ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போயி வளக்கலாம்னு இருக்குது. சனம் பயப்படற மாதிரி போடு."

இரண்டாவது எலிக்குப் பல் வைத்தான். மூன்றாவதற்குப் புலியின் பல். அதைப் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். "கூட்டம் கூடாதீங்கன்னு போர்டு வைக்கச் சொன்னா, கூட்டத்தைக் கூட்டிப்போட்டயே" என்று மேஸ்திரி திட்டியதை ஷாஜகான் இன்றைக்கும் விருது வாங்கிய மாதிரிதான் சொல்கிறான்.

எங்களுக்குச் சிரிப்பு அவ்வளவுதான் கிடைத்தது. மண்டப மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "கல்யாணத்தையே தள்ளி வெச்சுட்டாங்க. படம் மாட்டறதுக்கு உங்களுக்கு என்னுங்க அவசரம்?" சென்னையிலிருந்து தந்தி வந்தது: வர இயலாது.

நான் அழுதேன். ஷாஜகான் அழுவதற்குப் பதிலாகத் தெருவின் மறுகோடியைக் கைகாட்டினான்.

அங்கே பாவடி இருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற பொது மைதானம். இரண்டு பக்கமும் மூங்கில் கால்கள் நட்டிருக்கும். காலை எட்டரைக்கெல்லாம் நெசவாளர்கள் வேலையை முடித்துவிடுவார்கள், அப்புறம் நாள் முழுக்கக் காலி.

"கூரை இல்ல, சுவரு இல்ல. ஆளுக்கு ஆள் பத்தடி விட்டு நடக்கலாம். காத்து அடிச்சுட்டே இருக்கும். இதைவிட என்ன ஹால் ஓணும்?" என்றான்.

தெருக்காரர்களிடம் கேட்டோம். யோசித்து, சம்மதித்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: மறுநாள் பாவு கட்டும்போது கால்களில் சாயக்கறை இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, செல்வராசு வந்து சேர்ந்தான்.

ஸ்டேஷனில் டாக்டர்கள் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று விட்டிருந்தார்கள். வீட்டில் அக்காவின் கைக்குழந்தை இருந்ததால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேராகக் கொட்டகைக்கு வந்தான். தெருவுக்குள் நுழைந்ததும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் முத்திரையைப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி, காலாலேயே மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு, காசுகூட வாங்காமல் போய்விட்டார்.

அப்படித்தான் அது நடுத்தெருவுக்கு வந்தது.

இரண்டில் ஒன்று

யாரோ சொல்லி, சுகாதார ஆய்வாளர் மொபெட்டில் வந்தார். செல்வராசுவைத் தள்ளி நிற்க வைத்தே கேள்வி கேட்டார். காய்ச்சல்? இல்லீங்க. இருமல்? இல்லீங்க. அறையில் யாருக்காவது?

"நான் பொறப்படற வரைக்கும் இல்லீங்க. அப்புறம் தெரியாதுங்க."

ஆய்வாளர் மூட்டையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பல நாள் தூக்கமில்லாத முகம்.

"கொளுத்தணும். இல்லாட்டி அரை மணி நேரம் கொதிக்க வைக்கணும். ரெண்டுல ஒண்ணு. எதுவா இருந்தாலும் மூட்டையை வெளியில பிரிக்கக் கூடாது. தெள்ளுப்பூச்சி இருந்தா குதிச்சிரும். தண்ணிக்குள்ளதான் பிரிக்கணும்."

கேன்காரர் ஓரடி முன்னால் வந்தார். ஷாஜகான் அவருக்கும் மூட்டைக்கும் நடுவில் போய் நின்றான். நான் ஷாஜகானைப் பார்த்தேன், அவன் செல்வராசுவைப் பார்த்தான்.

"கொதிக்கட்டுமுங்க" என்றான் செல்வராசு.

ஐந்தாவது வீடு சாயப்பட்டறை. அங்கே நூலுக்குச் சாயம் போடுகிற ரங்கன் வாயில் வெற்றிலையோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"எம்பட கொப்பரையில போடுங்க. இப்பத்தான் கழுவி வெச்சேன். பிளேக்கு வந்தா மொதல்ல எனக்குத்தான வரும், உங்களுக்கெல்லாம் என்னுங்க?" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நீளமான இரண்டு மூங்கிலுக்கு நடுவில் மூட்டையைத் தொங்கவிட்டு, ஒரு முனையில் ஷாஜகானும் மறுமுனையில் ரங்கனும் தூக்கினார்கள். அவர்கள் நடக்க நடக்க, ஒவ்வொரு வீட்டுக் கதவாகச் சாத்திக்கொண்டு வந்தது. அந்தத் தெருவில் பகலில் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை. தறிச்சத்தமும் நின்றிருந்தது.

ரங்கன் கேட்ட கேள்வி

கொப்பரைக்கு அடியில் விறகு எரிந்தது. தண்ணீர் சளசளக்க ஆரம்பித்தது. மூட்டையைக் கொப்பரைக்கு மேல் பிடித்துக்கொண்டே ரங்கன் கேட்டார்.

"என்ன கலருங்க தம்பி?"

"பிரிண்டிங் பேஸ்ட்டுங்கண்ணா. பட்டறையில மிஞ்சினது."

"அதுக்குச் சூடு காட்டுனாத்தான் துணியில ஒட்டும். இஸ்திரி போட்டுட்டீங்களா?"

செல்வராசுவின் முகம் அந்த நொடியில் மாறியதை நான் பார்த்தேன். அதுவரை படம் கொதிக்கும், சுருங்கும், ஆனால் இருக்கும் என்று அவனும் நினைத்திருந்தான்.

"போட்டிருக்கறனுங்க. மூணு பேருக்கு மட்டும் போடலீங்க."

அவன் வரைகிற முறையைச் சொன்னால்தான் இது புரியும். தறிக்காரர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உட்கார வைத்து வரைய ஆள் கிடைக்காது. ஆனால் ஆணியில் சட்டை தொங்கும். அதனால் முதலில் சட்டையை நிதானமாக வரைந்து, இஸ்திரி போட்டு வைத்துவிடுவான். முகத்தை மட்டும் ஷிப்ட் மாறுகிற அரை மணி நேரத்தில் வரைவான். அது காய்ந்த பிறகு இன்னொரு இஸ்திரி.

கடைசி மூன்று முகங்களை வரைந்தது கடைசி இரண்டு நாளில். அதற்குள் ஊரே மூட்டை கட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை யார் தேடுவது? அந்த மூவரில் இரண்டு பேர் ஒரியாக்காரர்கள். மூன்றாவது ஆள் வெள்ளகோவில் மயில்சாமி. அவனும் செல்வராசுவும் ஒன்றாகத்தான் கிளம்பியிருக்கிறார்கள். ஸ்டேஷன் கூட்டத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஓரிடத்தில் பிடி விட்டுப் போயிருக்கிறது. அதற்கப்புறம் மயில்சாமி எந்த வண்டியில் ஏறினான், ஏறினானா என்றே தெரியாது.

"சார், மூணே துணி. ஒரு நிமிஷம் இஸ்திரி காட்டிட்டுப் போட்டுடறோம் சார்" என்று நான் ஆய்வாளரிடம் கெஞ்சினேன்.

"அதுக்கு மூட்டையைப் பிரிக்கணும்."

"கையுறை போட்டுக்கறோம் சார்."

"ஏம்மா, பிரிக்கலாம்னா நான் எதுக்கும்மா இங்க நிக்கறேன்?"

அவருக்குப் பின்னால், வாசலில், கேன்காரர் இன்னும் கேனோடுதான் நின்றார்.

"சலவைச் சோடா போடலீங்க தம்பி. வெறும் தண்ணிதான். கம்புல அடிக்கவும் மாட்டேன். சாயம் கொஞ்சம் நிக்கும்" என்று ரங்கன் மெதுவாகச் சொன்னார். பிறகு மூங்கிலைச் சாய்த்தார்.

மூட்டை உள்ளே போனது. கம்பு நுனியில் கட்டிய அரிவாளால் தண்ணீருக்குள்ளேயே கயிற்றை அறுத்தார்கள். துணிகள் ஒவ்வொன்றாக விரிந்து, மேலே வந்து, திரும்ப உள்ளே போயின. ஒரு மீசை வந்தது. ஒரு சிவப்புக் காலர் வந்தது. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். நான் மூச்சு விட ஆரம்பித்தேன்.

அப்போது ஓரத்தில் ஒரு பழுப்பு நிறம் இறங்கியது. டிகாக்ஷன் இறங்குகிற மாதிரி, மெல்லிய இழையாக.

"அது மயில்சாமி" என்றான் செல்வராசு.

"அதெப்படிடா தெரியும்?" என்றான் ஷாஜகான்.

"அந்தப் பழுப்பு அவனுக்கு மட்டுந்தான் கலந்தேன்."

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிப் பத்து நிமிடம் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பாவடியில்

துணிகள் சுருங்கிவிட்டன. ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. பதினெட்டு முகங்கள் அப்படியே இருந்தன. ஒரியாக்காரர்கள் இருவரும் புகைக்குள் நிற்கிறவர்கள் போல மங்கலாகத் தெரிந்தார்கள். மயில்சாமியின் துணியில் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது. கழுத்துக்கு மேல் ஒரு வெளிர் மஞ்சள் கறை.

அதை மாட்ட வேண்டாம் என்றேன் நான். "இருபத்தொண்ணு பேரு அந்த ரூம்ல. இருபது மாட்டினா ஒருத்தனை வெளிய நிறுத்தின மாதிரி" என்றான் செல்வராசு.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு, கஞ்சி ஈரம் காயாத பாவடியில், மூங்கில் கால்களுக்கு நடுவே கயிறு கட்டி மாட்டினோம். ஷாஜகான் சுண்ணாம்புப் பொடியால் பத்தடிக்கு ஒரு கோடு போட்டான். இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேற வேண்டும், திரும்பி நடக்கக் கூடாது.

ஓவியம் பார்க்க ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். அது சரியாகத்தான் இருந்தது. ஓவியம் பார்க்க ஒருவரும் வரவில்லை.

'சூரத்துல இருக்கற நம்மாளுக படம் இருக்குதாமா' என்று எப்படியோ பேச்சு பரவியிருந்தது. பல்லடத்திலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். கடிதம் வராத வீட்டுக்காரர்கள். மூக்கில் துண்டோடு, கோட்டுக்குக் கோடு நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். தங்கள் ஆள் இல்லை என்று தெரிந்தும் அடுத்த முகத்தை அதே மாதிரி பார்த்தார்கள். செல்வராசு மைதானத்தின் கோடியில், கோடுகளுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டு, கேட்டவர்களுக்குச் சத்தமாகப் பதில் சொன்னான்.

பதினோரு மணி சுமாருக்கு ஓர் அம்மா வந்தார். கையில் மஞ்சள் பை. வெள்ளகோவில், பெயர் துளசியம்மா. பதினைந்து துணி தாண்டியவர் பதினாறாவதில் நின்றார். முகமில்லாத துணி.

"இது எம் பையன் சட்டைங்க" என்றார். "மேல் பொத்தான் மட்டும் வேற கலரு பாருங்க. நாந்தான் வெச்சுத் தச்சேன்."

நான் கிட்டே போய் அந்தப் பொத்தானைப் பார்த்தேன்.

"மூஞ்சி எங்கீங்க அம்மணி?"

"கொதிக்க வெச்சதுல போயிருச்சுங்கம்மா."

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இதுல மட்டுந்தானுங்களே போச்சு?"

நான் செல்வராசுவைக் காட்டினேன். முப்பதடி தூரத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"கண்ணு, இதை எப்ப வரைஞ்சே?"

"பொறப்படறதுக்கு மொத நாள் சாயங்காலமுங்கம்மா."

"அவனுக்குக் காச்சல் இருந்துதா?"

"இல்லீங்கம்மா. சிரிச்சுட்டே இருந்தானுங்க. ஆடாம இருடான்னு நாலு தடவ வஞ்சேன்."

துளசியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கயிற்றிலிருந்து கிளிப்பை எடுத்தார். துணியைத் துவைத்த துண்டை மடிப்பது போல நான்காக மடித்து மஞ்சள் பையில் வைத்தார்.

"நான் எடுத்துட்டுப் போறனுங்க" என்றார். யாரையும் கேட்பதாக இல்லை, சொல்வதாக இருந்தது. மீதி ஐந்து பேரையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

வேகவைத்தவர்கள்

அப்புறம் மூன்று வாரம். செல்வராசுவுக்குக் காய்ச்சல் வரவில்லை. அவன் பக்கத்தில் தெரு நிற்க ஆரம்பித்தது. கேன்காரர் கொட்டகைக்கு வந்து டீ குடித்தார். ஷாஜகானின் எலிகளுக்கு வெள்ளை அடித்தார்கள். நாங்கள் மட்டும் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தினோம்.

ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் மெலிந்த ஓர் ஆள் நின்றான். கக்கத்தில் மஞ்சள் பை.

"ஏனுங்க, என்னைய வேகவெச்சுப்போட்டீங்களாமா? ஆருங்க அது?"

ஷாஜகான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் கத்தியே விட்டேன். செல்வராசு மட்டும் வெளியே போய், குழாயடியில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

மயில்சாமி கூட்டத்தோடு வேறு வண்டியில் ஏறியிருக்கிறான். நடுவழியில் எங்கோ இறக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். "அவிங்க பேசுனது எனக்குப் புரியல, நான் பேசுனது அவிங்களுக்குப் புரியல. காச்சல் வருதா வருதான்னு தெனமும் கையப் புடிச்சுப் பார்த்தாங்க. வல்லைன்னதும் அவிங்களுக்கே சலிச்சுப்போச்சு. உட்டுட்டாங்க."

செல்வராசு உள்ளே வந்து பாட்டில்களைத் திறந்தான். பழுப்பைக் கலக்க ஆரம்பித்தான்.

"உக்காரு. சட்டை அப்படியே இருக்குது. மூஞ்சிக்கு அரை மணி போதும்."

மயில்சாமி துணியைப் பையிலிருந்து எடுத்தான், ஆனால் கொடுக்கவில்லை.

"வேண்டாஞ் செல்வா. எங்கம்மா இதைச் சுவத்துல மாட்டி வெச்சு மூணு வாரம் பார்த்துட்டே இருந்துச்சாமா. நான் போய் நின்னதும் என்னையப் பார்த்துச்சு. அப்புறம் திரும்பி இதைப் பார்த்துச்சு. மறுக்கா என்னையப் பார்த்துச்சு. சரியாத்தான் இருக்குதுன்னுச்சு. இதுல நீ வேற ஒரு மூஞ்சியப் போட்டுக் கெடுத்துப்போடாதே."

"அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

"இஸ்திரி போடறதுக்கு. அம்மாதான் குடுத்தனுப்புச்சு. மிச்சம் இருக்கறது போவாம இருக்கோணுமாமா."

ஷாஜகான் ஓடிப்போய் ரங்கன் வீட்டிலிருந்து கரி இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்தான். துணியை மேசையில் விரித்தோம். சட்டை எப்போதோ ஒட்டிவிட்டிருந்தது, அதற்கு இனி சூடு தேவையில்லை. செல்வராசு கழுத்துக்கு மேலே, அந்த மஞ்சள் கறையின் மேல்தான் பெட்டியை வைத்தான். ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஓர் இடம் விடாமல், நிதானமாகத் தேய்த்தான்.